மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

வலது காலைத் தூக்கி இடது கெண்டைக்காலில் தேய்த்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து இடது காலைத் தூக்கி வலது காலில். கைகள் அதுபாட்டுக்குக் குழந்தைகளின் ஷூ பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கும். அந்தக் காலணிக் கடையில் அவருக்குக் ‘கொக்கு அக்கா’ என்று பெயர் விழுந்தது இதனால்தான். வைத்தவர் கடையின் சூப்பர்வைசர். அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. “கொக்குக்காவது மீன் கிடைக்கும். எனக்குக் கிடைக்கிறதெல்லாம் ஊரார் காலுதான்” என்பார்.

குழந்தை அழுதால் அதன் முகத்தைப் பார்த்துக் கொஞ்ச மாட்டார். காலோடுதான் பேச்சு. “என்ன பெருவிரலண்ணே, வீட்டுக்குள்ள போக மாட்டீங்களா? தம்பிங்கல்லாம் போய்ட்டாங்களே!” அழுத குழந்தை சிரிப்பதற்குள் ஷூ ஏறியிருக்கும். குந்தி உட்கார்ந்து மாட்டி, எழுந்து அலமாரிக்கு ஓடி, அடுத்த அளவை எடுத்து வந்து மறுபடி குந்த வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நிற்க வேண்டும். மெத்தை வைத்த நீள இருக்கைகள் கடை நெடுகக் காலியாகக் கிடக்கும். ஆனால் அவை வாங்க வருபவர்களுக்கு. விற்பவர்கள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சோம்பேறிக் கடை என்று பெயராகிவிடுமாம்.

ஆகவே பெண்கள் உட்காருவதற்கென்றே கழிவறைக்குப் போவார்கள். மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். சூப்பர்வைசர் கதவைத் தட்டுவார். “உள்ள என்ன குடித்தனமா நடத்தறீங்க?” நாள் முழுக்க உழைக்கிற ஒரு மனுஷிக்கு உட்காரக் கிடைத்த இடம் அதுதான் என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அக்காவின் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறார். “நீங்க உக்காந்து உக்காந்து முதுகு போச்சுங்கறீங்க, நான் நின்னு நின்னு காலு போச்சுங்கறேன். நம்மள மாத்தி வேலைக்கு வச்சுட்டாங்க” என்று அவரிடம் சிரிப்பார். மகள் சிரிக்க மாட்டாள். அம்மாவின் முழங்காலுக்குக் கீழே நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும் நரம்புகளைப் பார்த்தபடியே காலுக்கடியில் இரண்டு தலையணைகளை வைப்பாள். உட்கார்ந்து வேலை பார்க்காவிட்டால் நரம்பு வெடித்துப் புண்ணாகும், அப்புறம் வேலையே பார்க்க முடியாது என்று மருத்துவர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும். முதலாளி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்களை இறக்கினார். முதல் நாள் அக்கா உட்கார்ந்தார். முதலாளி இருமியதும் விருட்டென்று எழுந்துவிட்டார். “எதையோ திருடிட்ட மாதிரி இருந்துச்சு” என்றார். போகப் போகப் பழகிவிட்டது. வீக்கம் வடிந்தது. மகள் ஒரு தலையணையை எடுத்துவிட்டாள்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. அரசாங்கம் சட்டத்தைத் திருத்தியது. இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளுக்கு இது பொருந்தாதாம். சிறு வணிகர்களின் சுமையைக் குறைக்கிறார்களாம்! ஒரு ஸ்டூல் என்ன சுமை? மெத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு கையைத் தூக்கி நிறைவேற்றியவர்களுக்கு ஒரு நாள் நின்று பார்க்கத் தோன்றியிருக்குமா?

நம் முதலாளி சிறு வணிகர் இல்லை. அதனால் என்ன, ஆகிவிட்டார். ஒரு விடுமுறை நாளில் கடைத் தரையில் இரண்டு மஞ்சள் கோடுகள் இழுத்தார். ஆண்கள் பகுதி மனைவி பெயரில் ஒரு கடை. பெண்கள் பகுதி தன் பெயரில் ஒரு கடை. அக்கா வேலை பார்க்கும் குழந்தைகள் பகுதி வெளிநாட்டிலிருக்கும் மருமகன் பெயரில் ஒரு கடை. எந்தக் கடையிலும் இருபது பேர் இல்லை. வாசல் ஒன்று, கல்லா ஒன்று, கழிவறை ஒன்று, சாவிக்கொத்து அவர் இடுப்பில். சம்மதமில்லாதவர்கள் வேறு இடம் பார்க்கலாம் என்றார். ஸ்டூல்கள் கிடங்குக்கு ஏறின. இதற்கு அயோக்கியத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

“என் மொதலாளி கறுப்பா செவப்பான்னே எனக்குத் தெரியாது” என்றார் அக்கா. மகள் மறுபடி இரண்டு தலையணைகளை வைத்தாள். மறுநாள் அக்கா தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தார்.

அதிகாரி வந்தார். பெண்கள் பகுதியில் மெத்தை இருக்கையில் அமர்ந்து, முதலாளி வரவழைத்த தேநீரைக் குடித்தார். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், குழந்தைகள் பகுதியில், அக்கா நின்றிருந்தார், ஒற்றைக் காலில்.

“இந்தம்மா உங்க ஆளுதானே?”

“ஐயையோ, இல்லைங்க சார். அவங்க அந்தக் கடை ஆளு. எனக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல” என்றார் முதலாளி.

அதிகாரி அக்காவைப் பார்த்தார். “சட்டப்படி எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

“அப்ப நான் இந்தக் கடை ஆளு இல்ல. அப்படித்தானே சார்?”

“அதான் சொல்றாரே.”

அக்கா தூக்கியிருந்த காலைக் கீழே வைத்தார். மஞ்சள் கோட்டைத் தாண்டி நடந்து வந்து, அதிகாரிக்குப் பக்கத்தில் மெத்தை இருக்கையில் உட்கார்ந்தார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“ஏய், எழுந்திரு!” முதலாளி கத்தினார்.

“சம்பந்தமே இல்லாதவங்களை ஏங்க எழுப்பறீங்க? செருப்பு வாங்க வந்திருக்கேன்.”

அதிகாரி தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். செருப்பு மாட்டிப் பார்ப்பவர்கள் கால் வைக்கும் பலகையை அக்கா கையால் இழுத்து முதலாளிக்கு நேரே போட்டார்.

“வேலைக்குச் சேந்தப்ப ஆறாம் நம்பர். இப்ப எட்டு காட்டுங்க” என்று சொல்லி, நீலம் பாரித்து வீங்கிய காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.