புரட்டாசியில் என் பூனைக்கு வந்த ஆபத்து

விரதமும் இருந்து பூனையும் வளர்க்கும் சகோதரிகளுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மலாக்காவில், காஜா பெராங்கில் எங்களுக்கு மளிகைக் கடை. அரிசி மூட்டைகளை எலியிடமிருந்து காப்பது எங்கள் கடுவன் பூனை சிங்கம். மீன் வேகவைத்த தண்ணீரில் பிசைந்த சோறுதான் அதற்குச் சாப்பாடு.

போன புரட்டாசியில் வீட்டில் மீன் சமைக்கவில்லை. பூனை பட்டினி கிடக்குமே என்று கடையிலிருந்த காய்ந்த நெத்திலியைக் கொல்லையில் அள்ளிப் போட்டேன். ஆசையாகத்தான் தின்றது. சில நாளில் சாம்பல் குழியில் குந்திக் குந்தி எழுந்து கத்தியது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

"துரை வீட்டு நாய்க்கு வைத்தியர் வருவார். நம் பூனைக்கு யார் வருவார்?" என்று என் கணவர் கையைப் பிசைந்தார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வந்தார். மலாக்கா செட்டிக் குடும்பம்; பேச்சு மலாய்தான், விரதத்தில் என்னைவிடக் கண்டிப்பு. நெத்திலியைப் பார்த்ததும், "கெரிங் சாங்காட்!" என்றார். ரொம்பக் காய்ந்தது என்று அர்த்தம்; தண்ணீர்ச் சோறு நின்று உடம்பில் ஈரமே சேராததால்தான் சிறுநீர் கட்டிக்கொண்டதாம். உடனே மீன் வாங்கி வரச் சொல்லி, கொல்லையில் கல் கூட்டி, தன் கையாலேயே உப்பில்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைச் சிங்கத்துக்கு வைத்தார்.

"அக்கா, உங்கள் விரதம்?" என்று பதறினேன்.

"கித்தா புவாசா. கூச்சிங் தா புவாசா," என்று சிரித்தார். விரதம் நமக்கு, பூனைக்கு இல்லையாம். பிறகு தலைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றப் போனார். அந்த மனசு யாருக்கு வரும்!

மறுநாள் சாம்பல் குழி நன்றாக நனைந்திருந்தது. அந்த ஈரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இந்தப் புரட்டாசியிலும் எங்கள் அடுப்படியில் மீன் இல்லை. கொல்லையில் மட்டும் சிங்கத்துக்கென்று ஒரு தனிச் சட்டி கொதிக்கிறது. அதை இறக்கி வைத்த பிறகுதான் நான் குளித்து விளக்கேற்றுகிறேன்.