ஸ்டெல்லாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி

தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் எங்கள் பள்ளியில் பாடம் நின்றுவிடும். கத்தினாலும் கேட்காது. பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு, மேசையைத் தட்டிப் பாட ஆரம்பிப்பார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து ஸ்டெல்லாவும் தன் பிள்ளைகளோடு வந்து சேர்ந்துகொள்வாள்...

ஸ்டெல்லா என் மனைவி. தான்சானியாவில், ஏரிக்கரை ஊர் ஒன்றில், மிஷன் பள்ளியில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். பகலில் ஆங்கிலம், மாலையில் விவிலிய வகுப்பு, சனிக்கிழமைகளில் உபதேசியார்களுக்குப் பயிற்சி. கல்யாணமான புதிதில், "கொஞ்ச வருஷம் இருந்துட்டு வந்துடுவோம்" என்று சொல்லித்தான் திருச்சியிலிருந்து கிளம்பினோம். தலை நரைக்கிற வரை அங்கேயே இருந்துவிட்டோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடமே வீடாகிப்போனது.

அங்கே ஆசிரியரை 'ம்வாலிமு' என்பார்கள். சந்தைக்குப் போனால் மீன் விற்கிறவர், சைக்கிள் கடைக்காரர், பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத கிழவர்... எல்லோரும் கூப்பிட்டு நிறுத்தி நலம் விசாரிப்பார்கள்.

"ஒரு கிலோ தக்காளி வாங்குறதுக்கு அரை நாள் லீவு போடணும் போலருக்கு" என்று ஸ்டெல்லா சிரிப்பாள்.

கடைசி வருடம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. பள்ளிக்குப் பின்னால், மிஷன் கோயிலை ஒட்டி அடக்கம் செய்தோம். ஊரே வந்து அழுதது. அடுத்த சில மாதங்களில் எனக்கு ஓய்வு. விசாவும் முடிந்தது. அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் விமானம் ஏறினேன்.

முன்பெல்லாம் லீவுக்கு வரும்போது அண்ணன் குடும்பமே வேன் பிடித்துக்கொண்டு ஏர்போர்ட்டில் நிற்கும். இந்த முறை டாக்ஸி டிரைவர்தான் நின்றார். அண்ணன் காலமாகிவிட்டார். அவர் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில். திருச்சி பாலக்கரையில் நானும் அண்ணனும் பிறந்த வீடு அபார்ட்மெண்ட் ஆகிவிட்டது.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் பக்கம் ஒரு மாடிப் போர்ஷன் கிடைத்தது. வீட்டுக்கார மாமி நல்லவர்.

"அசைவம் மட்டும் வேண்டாம் சார். மத்தபடி உங்க ப்ரேயரெல்லாம் தாராளமா பண்ணிக்கோங்கோ."

விடியற்காலையில், பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்களின் பேச்சுச் சத்தத்தில் விழிப்பேன். அத்தனை பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு போவார்கள். எனக்கோ சில நாள் சாயங்காலம் வரை வாய் திறக்க வேலை இருக்காது. குரல் இருக்கிறதா என்று சும்மா ஒருமுறை கனைத்துப் பார்த்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பாலக்கரை மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவேன். பூசை முடிந்ததும் எல்லோரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பிவிடுவார்கள். என்னைத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

அப்படியே நவம்பர் வந்தது. கல்லறைத் திருநாள்.

காலையிலேயே காந்தி மார்க்கெட் போய்விட்டேன். பூக்கடை அம்மா செவ்வந்தியை அள்ளிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை கல்லறைக்குங்க ஐயா?"

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். அப்பா அம்மாவுக்கு இங்கே ஒன்று. ஸ்டெல்லாவுக்கு... "ரெண்டுக்குக் குடுங்கம்மா" என்றேன்.

கல்லறைத் தோட்டம் முழுக்கக் கூட்டம். சுண்ணாம்பு வாசனை, ஊதுபத்திப் புகை. அப்பா அம்மாவைப் புதைத்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும், சுற்றுச்சுவரோரம் வேப்பமரத்துக்கு நேர் கீழே. போய்ப் பார்த்தால் அங்கே வேறு சிலுவை. வேறு பெயர். ஒரு பெண் தன் கணவரோடும் மகளோடும் அந்தக் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பழைய குழிகளில் புதிதாகப் புதைப்பது வழக்கம்தான். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கையில் பூவோடு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

"யாரைத் தேடுறீங்க சார்?" என்றார் அந்தப் பெண்.

"இல்லம்மா... எங்க அப்பா அம்மா இங்கதான் இருந்தாங்க."

அவர் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டார். "ஐயோ... இது எங்கப்பா சார். எங்களுக்குத் தெரியாதே."

"உங்க தப்பு என்னம்மா இருக்கு? நான்தான் ரொம்ப வருஷம் ஊர்ல இல்ல."

நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"எங்க சார் போறீங்க? மூணு பேருக்கும் ஒரே எடந்தானே. இங்கயே வைங்க."

வைத்தேன். மீதிப் பூ கையிலேயே இருந்தது. "இது யாருக்கு சார்?" என்று கேட்டார். சொன்னேன். கல்லறை இங்கே இல்லை, கடல் தாண்டி இருக்கிறது என்றேன். ஊர் திரும்பிய பிறகு யாரிடமும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மெர்சி, அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி குடு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார் கணவர். மெர்சி தானே ஒன்றைப் பற்றவைத்து என் கையில் கொடுத்தார். பங்குச் சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வந்தபோது, மெர்சி தன் அப்பா பெயரைச் சொல்லிவிட்டு, "ஸ்டெல்லா பேரும் சொல்லுங்க ஃபாதர்" என்றார்.

அது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. மெர்சியின் கணவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி, இப்போது அவர்கள் ஓசூரில் இருக்கிறார்கள். போன நவம்பரில் மெர்சி போன் பண்ணினார். "பாப்பாவுக்குப் பரீட்சை சார். இந்த வாட்டி வர முடியல."

"நான் பாத்துக்குறேம்மா" என்றேன்.

தனியாகப் போய்ப் புல்லைப் பிடுங்கி, கழுவி, பூ வைத்து, அந்த மூன்று பேருக்கும் ஸ்டெல்லாவுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். எனக்குத் தெரியவே தெரியாத ஒரு மனிதருக்காகவும் முழங்காலில் நின்று ஜெபித்தேன்.

தான்சானியாவில் இருந்தபோது, இதே நாளில் ஊரோடு சேர்ந்து பாடிக்கொண்டே கல்லறை கல்லறையாகப் போவோம். ஸ்டெல்லாவின் குரல்தான் முன்னால் கேட்கும். இங்கே நான் ஒருவன். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடினேன்.

சாயங்காலம் மெர்சிக்கு போட்டோ அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"ஸ்டெல்லாம்மாவுக்கு ஏத்துனீங்களா சார்?"