மோரீசார் என்ற பெயரும் கல்லறைத் தோட்டத்து மதிலும்

அப்பா இல்லாமலேயே இந்த வீட்டில் ஓராண்டு முழுவதும் விளக்கேற்றிவிட்டோம். இம்மலரை வாங்கிப் புரட்டும் உறவினர்களும் நண்பர்களும் என்னைப் பொறுத்தருள வேண்டும். நினைவு மலர் என்றால் தேன் தடவித்தான் எழுதுவார்கள். எனக்கு அது வரவில்லை. "மனசுல இருக்கறத எழுதும்மா, தப்பா இருந்தா அச்சாபீஸ்காரன் அடிச்சிடுவான்" என்றார் அம்மா. அச்சாபீஸ்காரர் ஒரு வரியையும் அடித்து நீக்கவில்லை.

அப்பா பிறந்தது ஆம்பூரில் அல்ல. கடலுக்கு அப்பால் மோரீசுத் தீவில், ஒரு கரும்புத் தோட்டத்துக் கூலிக் கொட்டடியில். பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியவர் எங்கள் தாத்தா. "கரும்பு விளையற தீவு, வயிறு நெறையும்" என்று ஆள் பிடிக்கிறவன் சொன்னானாம். நிறைந்ததாகத் தாத்தா ஒருநாளும் சொன்னதில்லையாம்.

பள்ளியில் பூகோளம் படிக்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு அந்தத் தீவுப் பைத்தியம். கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் புரட்டினேன். ஆதியில் அங்கே குடிகளே கிடையாது. உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர் வந்து, பறக்கத் தெரியாத பறவைகளைப் பூண்டோடு தீர்த்துவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுக்காரர் வந்து, அடிமைகளைக் கொண்டு கரும்பு நட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது. விடுதலையானவர்கள் கரும்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதை வெட்டத்தான் நம் ஜனங்களை ஏற்றிப் போனார்கள்! இதைக் கண்டுபிடித்த சாயங்காலம் மூச்சிரைக்க ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அப்போதுதான் தோல் பதனிடும் கிடங்கிலிருந்து வந்து, சுண்ணாம்பில் வெந்த கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அத வெட்டுனவன் முதுகு இன்னா ஆச்சுன்னு அதுல போட்டிருக்கா?"

"இல்லப்பா."

"அப்ப அது சக்கரையோட சரித்திரம். நம்மளுது இல்ல."

எங்கள் வீட்டுப் பெயரான மோரீசார் என்பது அந்தத் தீவின் பெயர்தான். ஆனால் அங்கே யாரும் எங்களை அப்படி அழைத்ததில்லை. அங்கே நாங்கள் மலபார்கள். மலையாள தேசத்தைக் கண்ணால் பார்த்திராதவர்களுக்கு அந்தப் பெயர்! ஒப்பந்தம் முடிந்து ஒரே கப்பலில் திரும்பிய சில குடும்பங்களை, கடல் தாண்டியவர்கள் என்று அவரவர் ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆம்பூர்த் தோல் கிடங்குகள்தான் சேர்த்துக்கொண்டன. அந்த வேலைக்கு ஆள் வருவது அவ்வளவு அருமை. கப்பலில் எல்லாருக்கும் ஒரே அண்டாவில் சோறு. ஆகவே ஒரு கப்பலில் வந்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் என்பது அவர்கள் வழக்கம். அவர்களுடைய பிள்ளைகளும் அண்ணன் தங்கை முறை. பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. ஆம்பூரில் கிறிஸ்தவர்களாகி ஞானஸ்நானம் பெற்றபோது பாதிரியார் வீட்டுப் பெயர் கேட்டார். ஆளுக்கொரு சாதி இருந்தும் எல்லாரும் ஒரே வாயாக மோரீசார் என்றார்களாம்.

"கப்பலுக்கு முன்னால நாம யாருப்பா?" என்று நான் நச்சரித்ததுண்டு.

"கப்பலுக்கு முன்னால நாம இல்ல. போய்ப் படி."

காலரா வந்த வருஷம் தாத்தாவும், எதிர்த் தெருச் சித்தப்பாவின் தந்தையும் ஒரே வாரத்தில் போனார்கள். ஊருக்கு வெளியே ஒரே குழியில் கிடக்கிறார்கள். சித்தப்பா எங்களுக்கு இரத்த உறவல்லர், கப்பல் உறவு. மற்றக் குடும்பங்கள் கோலார்ச் சுரங்கத்துக்கும் சென்னைக்கும் சிதறிவிட, சின்னப் பையனாக நின்ற அவரைத் தம்பி என்று கைப்பிடித்து அழைத்து வந்தவர் அப்பா. தாம் கிடங்கின் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் மிதித்து அவரைப் படிக்க வைத்தார். சித்தப்பா வாத்தியாரானார், சபைக் கமிட்டியிலும் அமர்ந்தார். அப்பா மேஸ்திரியானார். தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டையின் தூசி மார்பில் இறங்கி, கடைசி மாதங்களில் படுக்கக்கூட முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினார். அப்படியே போய்விட்டார்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு மதில் உண்டு. வாசல் பக்கம் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள், பின்பக்கம் மற்றவர்கள். ஞாயிறுதோறும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று பாடுகிறவர்கள்தான். அப்பாவைச் சுமந்த வண்டி வாசலில் நின்றதும் கமிட்டிப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார்.

"மோரீசார்னு பேரு வச்சிக்கினா எப்படிம்மா? எந்தப் பக்கம் தோண்டறது? நீங்க இன்னா ஆளுங்க?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க கொழுந்தனார் அங்கதான நிக்கிறாரு. அவரையே கேளுங்க" என்றார்.

சித்தப்பா வாசலின் உள்ளேதான் நின்றார். பக்கத்தில் அவருடைய மகளைக் கேட்டு வந்திருந்த குடியாத்தத்துச் சம்பந்தி, மதிலின் வாசல் பக்கத்துச் சாதிக்காரர். எங்கள் அண்ணன்தான் என்று ஒரு சொல் சொன்னால், கமிட்டிக்காரரின் அண்ணன் என்று அப்பா வாசல் பக்கமே படுப்பார். ஆனால் சாதி தெரியாத தீவுக்காரர் உறவு என்று சித்தப்பாவின் மகள் கல்யாணம் நிற்கும்.

"இன்னாய்யா, உன் அண்ணனா?" என்று கமிட்டிப் பெரியவர் அவர் பக்கம் திரும்பினார்.

"என்ன வளத்தாரு, அது வாஸ்தவம். இல்லன்னு சொல்லல." சித்தப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. "ஆனா அந்தம்மா குடும்பம் வேற, நாங்க வேற."

எனக்கு நினைவு தெரிந்த நாளாய் அண்ணி, அண்ணி என்று எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அம்மாவுக்கு அழுகை அந்த 'அந்தம்மா'வில் நின்றுபோயிற்று.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அப்ப கப்பல், சித்தப்பா?"

"கப்பல்ல ஆயிரம் பேரு வருவான். எல்லாம் சொந்தமா? சின்னப் பொண்ணு, சும்மா இரு."

வண்டியைப் பின்பக்கம் திருப்பினோம். அங்கேயும் வரவேற்பு இல்லை. குழி தோண்டுகிற பெரியவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இத்தினி நாளா எந்த ஆளுன்னு நாங்க கேட்டா தீவுன்னு சொல்லிக்கினு ஒதுங்கிப் போனாரு மேஸ்திரி. இப்பதான் எங்க பக்கம் வழி தெரிஞ்சுதா?" சொல்லிக்கொண்டே கடப்பாரையை எடுத்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. சாதி கப்பலோடு போயிற்று என்று அப்பா நம்பியது உண்மை. அந்த நம்பிக்கையைத் தம் கப்பல்காரர்களுக்கு மட்டுமே வைத்துக்கொண்டு, மதிலைப் பற்றி ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காததும் உண்மை. அந்த மதிலின் பின்னால்தான் இப்போது கிடக்கிறார்.

கல் நட ஏற்பாடு செய்தபோது சித்தப்பா ஆள் அனுப்பினார். கல்யாணம் முடிகிற வரைக்கும் கல்லில் அந்த வீட்டுப் பெயர் வேண்டாமாம்.

"கல்யாணம் நல்லா நடக்கட்டும்னு சொல்லு" என்றார் அம்மா. "பேரு கல்லுல இருக்கும்னும் சொல்லு."

இருக்கிறது. கல்யாணமும் நடந்தது. எங்களுக்கு அழைப்பில்லை. பத்திரிகையில் சித்தப்பாவின் பெயருக்குப் பின்னால் மோரீசார் இல்லை, ஒரு சாதிப் பெயர் இருந்ததாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். இத்தனை புத்தகம் புரட்டியும் எனக்குக் கிடைக்காத சரித்திரம் அவருக்கு ஒரு பத்திரிகை அடிப்பதற்குள் கிடைத்துவிட்டது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலரே. கேட்குமுன் வண்டி கட்டிக் கொடுத்து, மதிலின் இரு பக்கமும் எங்களோடு நடந்த கிடங்கு முதலாளி சாயபு. ஜோலார்ப்பேட்டையிலிருந்து இரயில்வே வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த மாமா. ஏசிக்கொண்டே ஆழமாகத் தோண்டி, மண் சரியாமல் கல் அடுக்கிக் கொடுத்த பின்பக்கத்துப் பெரியவர். கூலி வாங்க மறுத்தவரும் அவரே.

மலரின் ஒரு பிரதி எதிர்த் தெருவுக்கும் போகிறது. இதில் அவரைச் சித்தப்பா என்றே எழுதியிருக்கிறேன். அப்பா எங்களுக்குப் பழக்கிய முறை அது. மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் எங்களுக்கு இல்லை. அப்படியென்றால் அவர் மகள் எனக்குத் தங்கை. பந்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அக்காவின் வாழ்த்தாக இதை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.