எஸ்தர் பெயரில் ஓர் அறை

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, தென் மும்பையில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பழைய ஐந்து நட்சத்திர ஓட்டலில் நானும் அம்மாவும் ஓர் இரவு தங்கினோம். எங்கள் வீடு தாராவியில். மொத்தப் பயணமே பதினைந்து கிலோமீட்டர்தான். இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பவர்களுக்கு: வருடா வருடம் திருநெல்வேலிக்கு ரயிலில் போய்வருகிற என் அம்மா, தான் போனதிலேயே தூரமான இடம் இதுதான் என்கிறாள்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. என்ன வேண்டும் என்று கேட்டால் வளையல் என்பாள், அல்லது தான் பை தைக்கும் கர்கானாப் பட்டறைக்குப் போட்டுப் போக நல்ல செருப்பு என்பாள் என்று நினைத்தேன். "அந்த ஓட்டலுக்குள்ள என்னதான்ட்டி இருக்கு?" என்றாள். ஊரிலிருந்து யார் வந்தாலும் கடல் காட்டக் கூட்டிப்போவோம். அந்த ஓட்டலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்போம். எங்கள் ஆல்பத்தில் என் அப்பாவைவிட அந்தக் கட்டடம் அதிகப் படங்களில் இருக்கிறது. ஓட்டலின் பெயரை இங்கே போடவில்லை, விளம்பரம் ஆகிவிடும்.

முன்பதிவு பற்றி ஒரு விஷயம். உள்ளூர் முகவரி இருப்பவர்களுக்குச் சில ஓட்டல்கள் அறை தருவதில்லை. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எனக்குப் போனில் பேசவே கூச்சம் என்பதால் மெயில் அனுப்பினேன். தாராவி முகவரி பிரச்சினையில்லை என்று பதில் வந்தது. மழைக்காலம் என்பதால் வாடகை 14,500 ரூபாய், வரியோடு 17,110. காலைச் சாப்பாடு அதிலேயே அடக்கம். டிசம்பரில் இதைப்போல் இரண்டு மடங்கு. அறையை அம்மா பெயரில் போடச் சொன்னேன். அவள் பெயரில் எங்களுக்கு ரேஷன் கார்டுகூடக் கிடையாது.

அப்பாவுக்கு அம்பர்நாத் ஃபாக்டரியில் ஷிப்ட். "அந்த மெத்தையில எனக்கு முதுகு வலிக்கும், நீங்க போயிட்டு வாங்க" என்று முன்பே சொல்லிவிட்டார். மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில் சயான் ஸ்டேஷனில் ஸ்லோ வண்டி ஏறினோம். டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய். எனக்கு ஒரு முதுகுப்பை. அம்மாவிடம் ஒரு துணிப்பை, தூக்கினால் கை இறங்குகிற கனம். என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. நீ உன் பைய பாரு" என்றாள்.

கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.டி.யில் இறங்கிக் கருப்பு மஞ்சள் டாக்சி பிடித்தோம். மீட்டரில் 62 ரூபாய் வந்தது. ஓட்டல் பெயரைச் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"வேலைக்கா போறீங்க?" என்று இந்தியில் கேட்டார்.

"இல்ல பாய், தங்க" என்றாள் அம்மா, அவளும் இந்தியில்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அப்படின்னா வெளியே நிறுத்த மாட்டேன். உள்ளே வாசப்படி வரைக்கும் விடுறேன். எனக்கும் அங்கே போய் வருஷமாச்சு" என்றார். அப்படியே செய்தார். இறங்கும்போது கதவைத் திறந்தது தலைப்பாகை கட்டிய ஓட்டல் ஆள். அம்மா அவருக்கு வணக்கம் வைத்தாள். அவரும் வைத்தார்.

வாசலில் பைகளை ஸ்கேன் செய்வார்கள். அம்மாவின் பை நின்றுவிட்டது. திறக்கச் சொன்னார்கள். செய்தித்தாளில் சுற்றிய எட்டு எவர்சில்வர் டம்ளர்கள், ஒரு பாக்கெட் பால் பவுடர், ஒரு டப்பா முறுக்கு. "கிலாஸ், பாவ்" என்றாள் அம்மா, மராத்தியில் 'டம்ளர், அண்ணே'. செக்யூரிட்டிக்காரர் சிரித்துவிட்டு அனுப்பினார். ஓட்டல் டம்ளரில் குடிக்க அம்மாவுக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் தரையைப் பார்த்தபடி நடந்தேன். தரை பார்க்க வேண்டிய தரைதான். கருப்பும் வெள்ளையுமாகப் பளிங்கு, நடுவே மரப்படிக்கட்டு சுழன்று மேலே போகிறது.

செக்-இன் இரண்டு மணிக்கு. கார்டில் ஐயாயிரம் ரூபாய் முன்பணமாகப் பிடித்து வைப்பார்கள். அறை வாடகை போக அவ்வளவு பணம் கார்டில் இருக்கட்டும், கிளம்பியபின் திரும்ப வந்துவிடும். ரிசப்ஷன் பையன் எல்லாவற்றையும் அம்மாவிடமே சொன்னான். "வெல்கம், மிஸ் எஸ்தர்." அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கர்கானாவில் அவளுக்குப் பெயர் 'மதராஸி பாபி', மதராஸி அண்ணி.

அறை மூன்றாவது மாடியில். எங்கள் சந்தில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இங்கே அறைக்கு வெளியே இருக்கும் நடையில் ஆறு பேர் கை கோத்து நடக்கலாம். உள்ளே கட்டில், எழுதும் மேசை, கால் நீட்டிக் குளிக்கும் தொட்டி, ஜன்னல் முழுக்க மழையும் கடலும். ஆனால் அம்மா நின்றது டிவி முன்னால். திரையில் ஆங்கிலத்தில் வரவேற்பு வாசகம், அதற்குக் கீழே பெரிதாக அவள் பெயர். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். நான் சேனல் மாற்ற ரிமோட்டை எடுத்தேன்.

"வைட்டி அத. பேரு போயிரும்."

நாலரை மணிக்கு அறைப் போன் அடித்தது. மிஸ் எஸ்தரைக் கேட்டு ஆறு பெண்கள் வந்திருக்கிறார்களாம். அம்மா அதற்குள் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நாந்தான் வரச் சொன்னேன். கூட்டிட்டு வா."

இங்கே எங்கள் சந்தின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். யார் வீட்டில் புதிதாக எது வந்தாலும், கட்டிலோ, ஃபிரிஜ்ஜோ, அன்று சாயங்காலம் சந்துப் பெண்கள் சேர்ந்து பார்க்கப் போவார்கள். வீட்டுக்காரி டீ கொடுப்பாள். வந்தவர்கள் ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்வார்கள். ஒருவர் டோம்பிவிலியில் ஃபிளாட் வாங்கியபோது ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். செம்பூருக்கும் போனார்கள். எல்லாவற்றுக்கும் அம்மா போயிருக்கிறாள். எங்கள் வீட்டைப் பார்க்க மட்டும் யாரும் வந்ததில்லை. பார்க்கும்படி எங்களிடம் புதிதாக எதுவும் வந்ததில்லை. எட்டு டம்ளர் எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கீழே போனேன். ஆறு பேரும் விசேஷத்துக்குக் கட்டும் சேலையில், சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இசக்கியம்மா அத்தை. உறவு இல்லை, பக்கத்து வீடு. டோம்பிவிலி ஃபிளாட்டைப் பார்த்துவிட்டு எல்லாரும் நல்ல வார்த்தை சொன்னபோது, குழாயைத் திறந்து பார்த்து "தண்ணி வரலியே" என்றவர். அந்த வீட்டுக்காரி இன்னும் அவரோடு பேசுவதில்லை.

ரிசப்ஷன் பையன் மரியாதையாகத்தான் சொன்னான். அறைக்கு இரண்டு விருந்தாளிகள்வரைதான் அனுமதி. மற்றவர்கள் கடல் பார்த்த டீ அறையில் உட்காரலாம். டீ ஒருவருக்கு 850 ரூபாய், வரி தனி. "ஓகே" என்று என் வாய் சொல்லிவிட்டது. அது எப்போதும் அப்படித்தான். கல்லூரியில் நேர்முகத் தேர்விலும் ஓகே, ஆபீஸ் மீட்டிங்கிலும் ஓகே.

"என்னவாம்?" என்றார் இசக்கியம்மா அத்தை.

"ரெண்டு பேருதான் மேல போலாமாம், அத்தை."

"அப்பம் நாங்க நாலு பேரு வாட்ச்மேனா? ஏட்டி, செம்பூருல லிப்ட் இல்லாம நாலு மாடி ஏறிப் பாத்தோம். இங்க லிப்ட் இருந்தும் விட மாட்டேங்காவ!"

மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தாலும் ஒருவர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், கிளம்புவதற்கு. மேலே அம்மா டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். திரும்பி நடந்து மேனேஜரைக் கேட்டேன். கறுப்புக் கோட் போட்ட ஒரு பெண் வந்தார். என் ஆங்கிலம் முதல் வாக்கியத்திலேயே தடுமாறியது. இந்திக்கு மாறிக்கொண்டேன்.

"இவங்க தங்க வரல. ரூமைப் பார்க்க வந்திருக்காங்க. எங்க ஏரியாவில யாராவது புதுசா ரூம் எடுத்தா இப்படித்தான் வருவாங்க. பார்க்காம அனுப்பினா எங்க அம்மாவுக்கு அவமானம்."

"ஒரு நாள் ரூம்தானே, மேடம்?"

"ஆமா. எங்க அம்மா பேரில முதல் ரூம்."

என் குரல் லாபி முழுவதும் கேட்டிருக்க வேண்டும். பெட்டி தள்ளும் ஆள்கூட நின்றார். மேனேஜர் உருகிவிடவில்லை. விதி விதிதான் என்றார். யோசித்துவிட்டு, மூன்று மூன்று பேராக, அடையாள அட்டையைக் காட்டி, அரை மணி நேரம், நான் கூடவே இருந்தால் சரி என்றார். "தேங்க்யூ" என்றேன். ஓகே என்று சொல்லவில்லை.

முதல் மூன்று பேர் வந்தார்கள். கெட்டிலில் வெந்நீர் வைத்து, பால் பவுடர் கலந்து, அம்மா டீ போட்டாள். ஒவ்வொரு டம்ளரிலும் அவள் பெயர் தமிழில் வெட்டியிருக்கும், கல்யாணச் சீர். ஒருவர் திரைச்சீலையைத் தடவி "நல்ல கனம்" என்றார். இன்னொருவர் குளியலறையிலிருந்து, "நம்ம சர்ச் சமையல்கட்டு இம்புட்டுதான் இருக்கும்!" என்று கத்தினார். டீ பாக்கெட் தீர்ந்தது. நானே போன் செய்து இன்னும் கேட்டேன். யோசிக்காமல் செய்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்த மூன்று பேரில் இசக்கியம்மா அத்தை. அம்மா கெட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அத்தை குழாயைத் திறந்தார், வந்தது. சுவரைத் தட்டினார். கட்டிலில் உட்கார்ந்து எழுந்தார். டிவியைப் பார்த்தார்.

"சீரியல் போடலியா?"

"போட்டா பேரு போயிருமே."

அத்தை திரையருகே போய்ப் பார்த்தார். டீயைக் குடித்து முடித்தார்.

"ஒரே ஒரு கொறதான், எஸ்தரு."

"என்னக்கா?"

"நாளைக்கு காலி பண்ணணுமே."

அறையே சிரித்தது. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "தண்ணி வருதுல்லா? அது போதும்" என்றாள்.

அவர்கள் போனபின் நாங்கள் மழையைப் பார்த்துக்கொண்டே முறுக்கு தின்றோம். டிவியில் பெயர் அப்படியே இருந்தது. மறுநாள் காலைச் சாப்பாடு ஏழு முதல் பத்தரை வரை. பொங்கலைவிட முட்டை ரொட்டி பரவாயில்லை. பன்னிரண்டுக்குக் காலி செய்ய வேண்டும். திரும்பும் வழியில் கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, எங்கள் வழக்கமான கடையில் ஒரு ஃபில்டர் காபி குடித்தால் மனசு தரைக்கு வரும்.

போக நினைப்பவர்களுக்கு: கையில் பணம் சேர்ந்தால் ஜூலை, ஆகஸ்டில் போங்கள். விருந்தாளிகள் வருவதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாருக்காகப் போகிறீர்களோ அவர் பெயரில் அறை போடுங்கள், எழுத்துகளைச் சரிபார்த்துக் கொடுங்கள். கூச்சமாக இருந்தால் இருக்கட்டும், ரிசப்ஷனில் ஒரு தடவை கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நாங்கள் வீட்டில் இருந்தபோது, ஓட்டலிலிருந்து போன் வந்தது. அறை ஜன்னல் திண்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்ததாம், ஏதோ மொழியில் எழுதியிருக்கிறதாம், அனுப்பி வைக்கலாமா என்றார்கள். அம்மா எந்த வீட்டிலிருந்தும் பாத்திரத்தை எண்ணாமல் கிளம்பியதில்லை. நான் போனைக் கையால் மூடிக்கொண்டு அவளைக் கேட்டேன்.

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அது அங்கனயே இருக்கட்டும்னு சொல்லு."

சொன்னேன்.