சிவப்பழகுக் கிரீம் விற்ற கறுப்பு மேரி

அழகுச் சாமான் விற்கிற தொழிலில் ஒரு பேஜார் உண்டு: வருகிறவர்கள் முதலில் சாமானைப் பார்க்க மாட்டார்கள், விற்கிறவளைத்தான் பார்ப்பார்கள். கறுப்பாகப் பிறந்து, பளபளவென்று டியூப் லைட் எரிகிற கடையில் நின்று வயிறு வளர்த்த சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல், கடையடைப்பு என்று எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நான் சேல்ஸ் கேர்ள். வளையல், ரிப்பன், ஸ்டிக்கர் பொட்டு எல்லாம் இருந்தாலும் கடையை வாழ வைத்தது சிவப்பழகுக் கிரீம்தான். வெள்ளிக்கிழமை டிவியில் பாட்டுக்கு நடுவே ஒரு கறுத்த பெண் அழுவாள், கிரீம் தடவுவாள், சிவப்பாவாள், உடனே மாப்பிள்ளை வந்துவிடுவான். சனிக்கிழமை காலையில் எங்கள் கடையில் கூட்டம் அம்மும். வாசலில் அதே கிரீம்காரி ஆளுயர அட்டைப் பொம்மையாக நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

வைத்தியக்காரி வூட்டு நோவு

நைனார்பாளையத்திலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் பார்க்க வருகிறார்களாம். கிரீமின் பெருமையை நான் டிவிக்காரியைவிட நன்றாகவே எடுத்துவிட்டேன். அந்த அம்மா டியூபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் டியூபைப் பார்த்தார்.

"நீ இத போடறியா?" என்றார். "இல்லீங்க" என்று உண்மையைச் சொன்னேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் கிரீமின் மானம் போயிருக்கும், இல்லை என்று சொன்னதில் என் மானம் போனது. டியூபை மேஜையில் வைத்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "வைத்தியக்காரி வூட்லயே நோவுன்னா, நாங்க எங்கம்மா போறது?"

ஓசியில் சிவப்பு

கடைசியில் அந்த டியூபை விற்றது ஜோதி. சின்னசேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற இன்னொரு சேல்ஸ் கேர்ள். பிறந்ததிலிருந்தே சிவப்பு, கிரீமைத் தொட்டதுகூட இல்லை. அவள் நீட்டியதும் அந்த அம்மா மறுபேச்சில்லாமல் வாங்கிப் போனார்.

கல்லாவிலிருந்து இதையெல்லாம் பார்த்த முதலாளி ஒரு புது டியூபை என் கையில் கொடுத்தார். இது தீர்வதற்குள் முகத்தில் மாற்றம் தெரிந்தால் நான் கவுண்டரில் இருக்கலாம். தெரியாவிட்டால் பின்னால் குடோனில் உட்கார்ந்து பொட்டு அட்டை பிரிக்க வேண்டும். குடோனுக்கு ஜன்னல் கிடையாது. எனக்கோ வாய்தான் மூலதனம், நாலு பேரிடம் பேசாவிட்டால் சோறு இறங்காது. அதைவிட, கறுப்பாய் இருப்பதற்காக இருட்டில் தள்ளப் பார்க்கிறாரே என்பதுதான் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. கண்ணாடியைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. அந்தக் கடையிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. முதலாளி ஆறுதலாகத்தான் சொன்னார்: "இன்னா மேரி, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு? ஓசில செவப்பாவப் போற, சந்தோஷப்படு!"

விபூதிப் புதன்

பூசினேன். டிவிக்காரி ஒரு பாட்டு முடிவதற்குள் சிவந்தாள். எனக்கோ முகம் மட்டும் வெளுத்த மாதிரி இருந்து, கழுத்து பழைய கறுப்பிலேயே நின்றுவிட்டது. வேறு யாருடைய தலையையோ வாங்கி மாட்டிக்கொண்டது போல இருந்தேன். அந்தத் தலையோடுதான் மாதா கோயிலில் விபூதிப் புதன் பூசைக்குப் போனேன்.

அன்றைக்கு ஒவ்வொருவர் நெற்றியிலும் சாமியார் சாம்பலைப் பூசி, நீ மண்தான் என்பதை ஞாபகப்படுத்துவார். எனக்கு முன்னால் தாசில்தார் சம்சாரம், உரித்த கோழி மாதிரி நிறம். எனக்குப் பின்னால் கருணாபுரத்திலிருந்து வரும் மூட்டை தூக்குகிற அண்ணன். மூவருக்கும் ஒரே கிண்ணத்துச் சாம்பல், ஒரே வார்த்தை. தாசில்தார் சம்சாரத்துக்கு நயம் மண் என்றோ, எங்களுக்கு மட்ட மண் என்றோ அவர் சொல்லவில்லை. வருஷா வருஷம் கேட்டதுதான், அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கடவுள் தன் கையால் பிசைந்து, தன் சாயல் என்று சொல்லி அனுப்பிய முகத்துக்கு மேல் நான் கடைச் சரக்கைப் பூசிக்கொண்டு நிற்கிறேனே! அழுகை முட்டியது. அழ விடாமல் செய்தது சாமியாரின் கட்டைவிரல்தான். என் நெற்றியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. இரண்டாவது தடவையும் வழுக்கியதும் அவர் குனிந்து என் காதோரம் சிடுசிடுத்தார்: "இன்னாம்மா தடவிக்கினு வந்த? சாம்பலு கூட ஒட்ட மாட்டேங்குது!"

வேதத்துக்கு முன்னாடி

மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் பாதி டியூபைக் கல்லாவில் வைத்தேன். "வேணாங்க. என்னைச் செஞ்சவருக்குத் தெரியும், எந்தக் கலருன்னு" என்றேன். முதலாளி குடோன் பக்கம் கையைக் காட்டினார். வளையல் ஏற்றுவதற்கு மட்டும் என்னை வெளியே கூப்பிடுவார்கள், ஜோதி ஏற்றினால் பாதி உடைந்துவிடும்.

ஊரெல்லாம் ஜாதிப் பேச்சாய் இருந்த சமயம். பால்காரரைக்கூட ஜாதி கேட்டுவிட்டுத்தான் செம்பை நீட்டினார்கள். ஒரு நாள், கைக்கு இறுக்கமான வளையலை ஓர் அம்மாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். வளையல் முட்டியில் நிற்கும்போது கேட்டார்: "நீங்க இன்னா ஆளுங்க?"

"வேதக்காரங்க."

"அதான் கழுத்துல சிலுவை தெரியுதே. வேதத்துக்கு முன்னாடி?"

சொன்னால் கையை இழுத்துக்கொள்வார். இழுக்க முடியாதபடி வளையல் நிற்கிறது என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி. "அதுக்கு முன்னாடி மண்ணுங்க. கடவுள் பிசையறதுக்கு முன்னாடி எல்லாருமே மண்ணுதானே" என்று சொல்லி வளையலை உள்ளே தள்ளினேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே யோசித்தார். விடுகிற ஆள் இல்லை: "அது சரி, கரிசலா, செம்மண்ணா?"

ஆம்பளைக்குக் கலர்

நைனார்பாளையத்து அம்மா மறுபடி வந்தார். மகளுக்குக் கல்யாணம் கூடிவிட்டதாம், முகூர்த்த வளையல் வேண்டும். வாய் சும்மா இருக்குமா? "மாப்பிள்ளை இன்னா கலருங்க?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்: "உன்னவிட ஒரு சுத்து கறுப்புதான். ஆம்பளைக்கு இன்னாத்துக்கும்மா கலரு?"

மரம் விழுந்த வாரம்

பிறகுதான் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்ட அந்த மறியல் வந்தது. பஸ் இல்லை. ஜோதியால் வர முடியவில்லை, கிரீம் லோடும் வரவில்லை. கல்லடிக்குப் பயந்து முதலாளி பாதி ஷட்டரை இறக்கினார். அட்டைக்காரியைத் தூக்கிக் குடோனில் வைத்தார். உள்ளூரில் இருந்த ஒரே ஆள் நான் என்பதால் வேறு வழியில்லாமல் என்னைக் கவுண்டரில் நிறுத்தினார்.

கல்வராயன் மலையிலிருந்து தேன் விற்க இறங்கி, திரும்பிப் போக பஸ் இல்லாமல் சிக்கிக்கொண்ட பெண்கள் சிலர் தெருவில் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி குனிந்து ஷட்டருக்குள் எட்டிப் பார்த்தாள். என்னைவிட நல்ல கறுப்பு. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. வெளியே திரும்பி, "வாங்கடி, வாங்கடி" என்று மற்றவர்களையும் உள்ளே இழுத்தாள். ரிப்பன், சீப்பு, பொட்டு என்று அலமாரியையே காலி பண்ணினார்கள். இத்தனை வருஷமாய்ச் சந்தைக்கு வருகிறீர்களே, ஒரு நாளும் கடைக்குள் வந்ததில்லையே என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "வாசல்ல ஒரு வெள்ளக்காரி நின்னுக்கினு இருப்பா. இது அவங்க ஜனத்துக்குக் கடைன்னு நெனச்சிக்கினு போயிடுவோம். இன்னைக்குத்தான் நம்ம பொண்ணு ஒண்ணு நிக்குது."

குடோனுக்குப் போனவள்

அந்த மலைக்காரப் பெண் அப்படிச் சொல்லியிருக்காவிட்டாலும் நான் ஒன்றும் குறைந்துபோயிருக்க மாட்டேன். அந்தக் கணக்கு விபூதிப் புதனிலேயே தீர்ந்துவிட்டது. ஆனாலும் கேட்கச் சுகமாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

மறியல் ஓய்ந்தது. ஜோதி வந்தாள், லோடும் வந்தது. அடுத்த சந்தை நாளில் மலைக்காரப் பெண்கள் "கறுத்த பொண்ணு கடை எங்க?" என்று தெருவையே கேட்டுக்கொண்டு கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். நான் பழக்க தோஷத்தில் குடோனிலிருந்து அட்டைக்காரியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். முதலாளி கல்லாவிலிருந்தே கத்தினார்: "அவ உள்ளயே கெடக்கட்டும் மேரி, நீ முன்னாடி நில்லு!"

அந்த அட்டைக்காரியைக் குடோனிலேயே கரையான் அரித்து மண்ணாக்கிவிட்டது. ஆக, அவளும் எங்க ஆளுதான்.