வெள்ளை நூல் கட்டிய வைக்கோல்

போன டிசம்பரில் மருமகள் தன் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த கிறிஸ்மஸ் விழாவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பிளாஸ்டிக் மரம், பஞ்சுப் பனி, சிவப்புச் சட்டைத் தாத்தா, கேக், ஆட்டம் பாட்டம் என்று ஒரு குறையும் இல்லை. பாலன் பிறந்த குடில் எங்கேம்மா என்று கேட்டேன். "அதெல்லாம் வெச்சா ஒரு மதத்து விழா மாதிரி ஆயிடும் அத்தை" என்றாள். பிள்ளையே இல்லாமல் பிறந்தநாளா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அந்தச் சிவப்புச் சட்டைத் தாத்தாவுக்காகக் குழந்தை இயேசுவை, எங்கள் பால சேசுவையே ஏமாற்றியவள் நான். எந்த முகத்தோடு கேட்பது? கேக்கை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு எட்டு வயது. திருச்சி பாலக்கரையில் வீடு. அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. அப்பா, அம்மா, என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா, நான், இவ்வளவுதான் குடும்பம்.

டிசம்பர் பிறந்ததும் அம்மா மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்ன மரத்தொட்டியை வைப்பாள். அப்பா தன் கையால் செய்தது. பக்கத்தில் சீராக நறுக்கிய ஒரு கட்டு வைக்கோல். பால சேசுவுக்காக யார் எதை விட்டுக்கொடுத்தாலும் ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் போடலாம். இதற்கு ஒறுத்தல் என்று பெயர். கிறிஸ்மஸ் நடுச்சாமப் பூசை முடிந்து வந்ததும் அந்த மெத்தையில்தான் பாலன் சுரூபத்தை, அந்தச் சின்னச் சிலையைப் படுக்க வைப்போம். எதை விட்டுக்கொடுத்தோம் என்று மட்டும் யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் பலன் போய்விடும் என்பது அம்மாவின் சட்டம்.

அதே மாதம் பொன்மலையில் வேறொரு கிறிஸ்மஸ் நடக்கும். ரயில்வேக்காரர்களின் பிள்ளைகளுக்காகப் பெரிய மரம் ஒன்றை ஜோடித்து வைப்பார்கள். கிறிஸ்மஸ் தாத்தா நிஜ ரயில் இஞ்சினில் விசில் அடித்துக்கொண்டு வந்து இறங்கி, பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பார். முந்தின வருஷம் பக்கத்து வீட்டுப் பெண் கண்ணை மூடித் திறக்கும் பொம்மையோடு வந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் தவிப்பைப் பார்த்து அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். "பத்து வைக்கோல் போட்டாத்தான் தாத்தாகிட்ட போகலாம். சீரங்கத்துல உன் வயசுப் பொண்ணுங்க மார்கழிக் குளிர்ல எழுந்து குளிச்சுட்டுக் கோயிலுக்குப் போகுதுங்க. உனக்கு ஒரு கமர்கட்டை விடறதுக்கு உயிர் போகுது!"

உண்மையிலேயே உயிர்தான் போனது. தலைகீழாக நின்றும் நாலு வைக்கோலுக்கு மேல் தேறவில்லை. ஒன்று கமர்கட்டுக்கு. ஒன்று பாகற்காய்க்கு. ஒன்று சுவரில் சாயாமல் முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னதற்கு. இன்னொன்று எதற்கென்று இப்போது நினைவில்லை, அதுவும் பாகற்காயாகத்தான் இருக்கும்.

இதற்கு நடுவில் என்னை எரியவைக்க வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. அம்மா தினமும் மத்தியானத்தில் புடவை ஓரம் மடித்துத் தைப்பாள். கரையே இல்லாத வெள்ளைப் புடவை. ஒன்றல்ல, மூன்று. யாருக்கு என்றேன். அக்காவுக்கு என்றாள். எனக்கு ஒரே ஒரு சீட்டிக் கவுன், அவளுக்கு மூன்று புடவையா? போதாததற்கு அப்பா அவளுக்குப் புதுத் தகரப் பெட்டி வேறு வாங்கி வந்தார். தைத்துக்கொண்டே இருக்கும் அம்மா திடீரென்று ஊசியை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூத்தவள் என்றால் தனிச் செல்லம்தான் என்று நான் பொருமினேன்.

தாத்தா வரும் நாளும் வந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டியின் பக்கம் போனேன். ஆறுதான் எடுக்க நினைத்தேன். கை ஒரு பிடியை எடுத்துவிட்டது. அவ்வளவையும் தொட்டியில் போட்டுக் கிளறிவிட்டேன். பத்து ஆயிற்று என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் எண்ணிப் பார்க்கவில்லை. ஒறுத்தலில் யாராவது பொய் சொல்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

அக்காதான் என்னைப் பொன்மலைக்குக் கூட்டிப்போனாள். இஞ்சின் வந்தது, தாத்தா இறங்கினார், வரிசை நகர்ந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு தகர ஊதல். பொம்மையெல்லாம் எனக்கு முன்னால் நின்றவர்களோடு தீர்ந்துவிட்டது. திரும்பும் வழியில் அக்கா, "கால் வலிக்குதாடி? தூக்கிக்கட்டுமா?" என்று கேட்டாள். எட்டு வயதுக் கழுதையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலக்கரை வரைக்கும் நடந்தாள். நான் வழியெல்லாம் அவள் காதிலேயே ஊதிக்கொண்டு வந்தேன். அவள் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வயதிலும் அந்த இடுப்புக்கு ஏங்குகிறேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் எல்லாரும் கோயில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். நான் சாமியாரிடம் வைக்கோல் விஷயத்தைச் சொன்னேன். "அபராதமா மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லு" என்றார். அப்பாடா என்று இருந்தது. "அப்படியே அம்மாகிட்டயும் போய்ச் சொல்லிடு" என்றார். வீட்டுக்குச் சுற்றுவழியாக நடந்தேன்.

அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். முதுகில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தொட்டியிடம் போய், "எது நிஜம், எது பொய்?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே கட்டு வைக்கோல்.

"குழந்தைதானே, விடு" என்றார் அப்பா.

"பொய் மேல பாலனை எப்படிங்க படுக்க வைக்கிறது?" என்று சொல்லிவிட்டு, அம்மா அத்தனையையும் வெளியே எடுத்துப் போட்டாள். அப்பா போட்டது, அக்கா போட்டது, அவளே போட்டது, எல்லாவற்றையும்தான். பிறகு தரையில் உட்கார்ந்து அந்தக் குவியலில் துழாவி ஒன்றே ஒன்றைக் கண்டெடுத்தாள். அதன் நடுவில் வெள்ளை நூல் கட்டியிருந்தது. புடவை தைத்த அதே நூல். அதைக் கட்டைவிரலால் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்பத் தொட்டியில் வைத்தாள்.

"அது என்னதும்மா?"

"என்னோடது. சொல்லக் கூடாது."

அடுப்படியிலிருந்து வந்த அக்கா அதைப் பார்த்தாள். ஓடிவந்து அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். இருவரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் சொன்ன பொய்தான் வீட்டையே இப்படி அழ வைக்கிறது என்று பயந்துபோய், இனிமேல் ஏமாற்றவே மாட்டேன் என்று நானும் ஓவென்று அழுதேன்.

பூசை முடிந்து வந்து பாலனை அந்த ஒற்றை வைக்கோலின் மேல் படுக்க வைத்தோம். குளிருமே என்று எனக்குக் கவலையாக இருந்தது. என்னிடம் இருந்தது அந்த ஊதல்தான். அதை எடுத்துப் பாலன் பக்கத்தில் வைத்தேன். விடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்தது. தொட்டியை எடுத்து உள்ளே வைத்தோம். அடுத்த நாள் காலையில் அக்கா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, தகரப் பெட்டியோடு ஜங்ஷனில் ரயில் ஏறினாள். வடக்கே எங்கேயோ கன்னியர் மடம் என்றார்கள். பெரிய லீவுக்கு வருவாளா என்று கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அந்தக் காலத்தில் அந்த மடத்துக்குப் போனவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருவதில்லை என்று எனக்குத் தெரியாது. ஜன்னலோரத்தில் அவள் படுக்கும் இடம் இனி எனக்குத்தான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த டிசம்பர் வந்தது. அம்மா தொட்டியைத் துடைத்து வைத்தாள். ஜெபப் புத்தகத்தைத் திறந்து, வெள்ளை நூல் கட்டிய அதே வைக்கோலை எடுத்தாள். முதல் ஆளாக அதைத் தொட்டியில் போட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஒரு பிடி போட்டதற்கு என்ன ஆர்ப்பாட்டம் செய்தாள்! "அது போன வருஷத்து ஒறுத்தல்மா. அதையே மறுபடியும் போட்டா ஏமாத்து இல்லையா?" என்றேன்.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "இது வருஷா வருஷம் புதுசுடி" என்றாள்.

நான் நம்பவில்லை. அந்த வருஷம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது என் பாவங்களையெல்லாம் ஒப்பித்து முடித்துவிட்டு, எங்கள் அம்மாவும் பழைய வைக்கோலைப் போட்டு ஏமாற்றுகிறாள் என்று சாமியாரிடம் விவரமாகப் போட்டுக்கொடுத்தேன். என்ன வைக்கோல் என்றார். அக்கா புடவை தைத்த நூல் கட்டியது என்றேன். "உங்க அம்மாவை எனக்காக வேண்டிக்கச் சொல்லும்மா" என்றார். எனக்கு அபராதம் கொடுக்கக்கூட மறந்துவிட்டார். நல்லவேளை, தப்பித்தோம் என்று எழுந்து வீட்டுக்கு ஓடிவந்தேன்.