கடலுக்குப் போன தாயக்கட்டை

அந்தச் சனிக்கிழமை மழைக்கு வீட்டுக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள், வீட்டுக்காரரின் அக்கா, தையல் மிஷினுக்கு அடியில் பதினோரு முட்டைமேல் உட்கார்ந்திருந்த கோழி. கோழியை விட்டுவிட்டுச் சொன்னால் கணக்கு சரியாக வராது. நாங்கள் நால்வரும் பேசியதைவிட அது முறைத்ததுதான் அதிகம்.

வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். அவருக்கு வயது அறுபத்தொன்று. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். மழை பிடித்தால் குடையோடும் சுருக்குப்பையோடும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சுருக்குப்பைக்குள் இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள் இருக்கும். மின்சாரம் போய் என் மிஷின் நின்றிருக்கும். துண்டுகளுக்கு ஓரம் அடிப்பதுதான் என் வேலை. லோடு கிடைக்காமல் லாரி சங்ககிரியில் நின்றிருக்கும். ஓடு ஒழுகுகிற மூன்று இடத்துக்கும் மூன்று பாத்திரம் வைத்துவிட்டு, நிலக்கடலையை வறுத்து நடுவில் கொட்டி, தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டால் அதன்பிறகு சாயங்காலம் வரைக்கும் தாயம்தான்.

சும்மா ஆடுவது நங்கையாவுக்குப் பிடிக்காது. ஒரு காயை வெட்டினால் பத்து ரூபாய், ஆட்டம் ஜெயித்தால் ஐம்பது. காசு கைமாறியதே இல்லை. மகள் அவள் போனில் குறித்துக்கொண்டு வருவாள். அன்றைய நிலவரப்படி நான் நங்கையாவுக்கு அறுநூற்று நாற்பது ரூபாய் தர வேண்டும். இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டமும் உண்டு. கள்ளாட்டம் ஆடிப் பிடிபட்டால், இருக்கிற கடன் இரண்டு மடங்காகும். நங்கையாவை மனதில் வைத்துத்தான் என் வீட்டுக்காரர் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஆனால் இதுவரைக்கும் அவரை யாராலும் பிடிக்க முடிந்ததில்லை.

அன்றைக்கு இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் நங்கையா கட்டையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"அடுத்த மாசம் மூட்டு ஆபரேசனு. அதுக்குப் பொறவு கீழ உக்காரக் கூடாதாமா. மணல்ல கிணல்ல நடக்கக் கூடாதாமா. நான் இன்னும் கடலையே பாத்ததில்ல. ஒருக்கா முழங்கால் முட்டும் தண்ணியில நின்னு போட்டு வந்துட்டன்னா, டாக்டரு எங்க வேணாலும் அறுத்துக்கட்டும்."

"நானும் இருவது வருசமாத் தூத்துக்குடிக்கு லோடு அடிக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர். "கடலு ஹார்பர் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குதுன்னு சொல்லுவாங்க. நானும் பாத்ததில்ல."

"அப்ப எல்லாரும் போலாம்ப்பா" என்றாள் மகள்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கோழியும் பார்த்தது.

நான் குமாரபாளையத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய சந்தில் பிறந்தவள். மேட்டூர் அணை நிரம்பினால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எங்கள் சந்துக்குள் வரும். அது வருவதற்கு முன்பே யாராவது ஒருவர் "தண்ணி தொறந்துட்டாங்க" என்று கத்திக்கொண்டு ஓடுவார். எங்கே, யார், எவ்வளவு என்று எவரும் நின்று கேட்க மாட்டார்கள். அரிசி டப்பா, ரேஷன் கார்டு, பாய், பிள்ளைகள் என்று கையில் கிடைத்ததை வாரிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போய்விடுவோம். ஒன்பது வயதுக்குள் நான்கு முறை அப்படிப் போயிருக்கிறேன். அன்றிலிருந்து தண்ணீர் எதுவானாலும் எனக்குச் சந்தேகம்தான். குளியலறை வாளி நிரம்பி வழிந்தாலே ரேஷன் கார்டைத் தேடுவேன்.

"நான் வரலைங்க. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க" என்றேன்.

"நீ வராட்டி நானும் போகல" என்றார் நங்கையா. "உன்ர கையப் புடிச்சாத்தான் எனக்கு நடக்க வருது. இவன் புடிச்சான்னா லாரிக்குத் தார்ப்பாய் இழுக்கற மாதிரி இழுக்கறான்."

பிறகு கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். "இந்த ஆட்டம் நான் ஜெயிச்சா எல்லாரும் கடலுக்கு. நீ ஜெயிச்சா ஆறுநூத்தி நாப்பதும் தள்ளுபடி."

ஒரு மணி நேரத்தில் என் காய்களை ஏழு முறை வெட்டினார். அந்த ஏழு வெட்டுக்குப் பணம் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில், சிநேகிதர் ஒருவரின் பழைய வேனில் கிளம்பினோம். கோழிக்குப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தேன். திருச்செங்கோடு தாண்டியதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, கேஸ் மூடினீங்களா?"

அவர் ஒரு கையை இருக்கைக்கு அடியில் விட்டு எதையோ எடுத்து என் மடியில் போட்டார். எங்கள் வீட்டு சிலிண்டரின் ரெகுலேட்டர்.

"நாமக்கல்லுல கேப்பேன்னு நெனச்சேன். திருச்செங்கோட்டுலயே கேட்டுட்ட" என்றார்.

கரூருக்கு அப்புறம் வழியெல்லாம் காவிரி கூடவே வந்தது. காவிரி கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் மகள் அறை பிடித்திருந்தாள். என் ஊர் வழியாகப் போகிற தண்ணீர் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்கிறது என்றாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்குக் கடற்கரைக்குப் போனோம். மேலே மேகம் கட்டியிருந்தாலும் தூறல் இல்லை. நங்கையாவால் மணலில் உட்கார முடியாதே என்று என் வீட்டுக்காரர் வேனில் பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்திருந்தார். அதை ஈரமணலுக்குக் கொஞ்சம் மேலே போட்டு உட்கார வைத்தோம். நங்கையா நெற்றியில் கை வைத்துக் கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். பிறகு, "இத்தன தண்ணிய வெச்சுக்கிட்டு ஒரு வாய் குடிக்க முடியாதாமா" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துப் பழகிவிட்டு அப்புறம் இறங்கலாம் என்று நான்தான் நிறுத்தி வைத்தேன்.

ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கக் கரையில் குச்சி நட்டு வைப்பது எங்கள் சந்துப் பழக்கம். இங்கே குச்சி கிடைக்கவில்லை. இளநீர் மட்டை ஒன்றை அலை தொட்டுத் திரும்புகிற இடத்தில் வைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மட்டையைக் காணோம். அலை மட்டையைத் தாண்டி, மகளின் செருப்பைத் தாண்டி, நங்கையாவின் காலுக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் வந்துவிட்டுப் போனது.

நான் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தண்ணி தொறந்துட்டாங்க!"

நங்கையாவை ஸ்டூலோடு சேர்த்து இழுத்தேன். என்னோடு இன்னும் எட்டுப் பேர் ஓடினார்கள். குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கையில் சிக்கியதை வாரிக்கொண்டு, மேட்டுக்கு ஏறி நின்றபிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர்கள் பள்ளிபாளையத்துக்காரர்கள். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர், அதே ஆற்றங்கரை. அந்தக் கடற்கரையில் இருந்த மற்ற நூறு பேரில் ஒருவர்கூட நகரவில்லை.

"எவ்வளவு கன அடிங்க்கா?" என்று பள்ளிபாளையத்துப் பெண் மூச்சு வாங்கக் கேட்டாள்.

சுண்டல் விற்கிற அம்மா ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "எந்த ஊரும்மா நீங்கள்லாம்? கடலை யாரும்மா தொறந்து வுட்டா? அது தினம் ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை எறங்கும்."

நான் எட்டாவதோடு நின்றவள். இந்தப் பாடம் ஒன்பதாவதில் இருந்திருக்க வேண்டும். பள்ளிபாளையத்துக்காரர்கள் பத்தாவது வரைக்கும் படித்ததாகச் சொன்னார்கள். ஆகவே அங்கேயும் இல்லை போலிருக்கிறது.

எல்லோரும் சிரித்து முடித்து, நங்கையாவை மறுபடி கீழே கூட்டிப் போகலாம் என்று திரும்பும்போது மழை கொட்ட ஆரம்பித்தது. ஓடி அறைக்குள் நுழைந்தோம். கடல் தண்ணீர் நங்கையாவின் பாதத்தைக்கூடத் தொடவில்லை. நான் நிறுத்தி வைக்காமலும் கத்தாமலும் இருந்திருந்தால் மழைக்கு முன்பே இறங்கி ஏறியிருக்கலாம்.

கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தும் மழை நாள் மழை நாளாகத்தான் இருந்தது. மகள் புருவம் எழுதுகிற பென்சிலால் அறையின் டைல்ஸ் தரையில் கட்டம் போட்டாள். நங்கையா சுருக்குப்பையை அவிழ்த்தார். கீழே உட்காருவதற்கு இன்னும் ஒரு மாதம் அனுமதி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, கட்டில் சட்டத்தைப் பிடித்து மெதுவாக இறங்கினார். ராத்திரி சாப்பாட்டுக்குள் ஒரு ஆட்டம், காலையில் ஒரு ஆட்டம். இரண்டிலும் நான்தான் தோற்றேன். வெட்டுக்கு வெட்டு சரியாகிப்போக, கடன் எழுநூற்று நாற்பது ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கும் மழை விடவில்லை, பொடித்தூறலாகத்தான் இறங்கியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். திங்கட்கிழமை வீட்டுக்காரருக்கு லோடு.

"போலாமா?" என்றார் நங்கையா ஜன்னலைப் பார்த்து.

"மழையில கடலு இன்னும் ஏறுமுங்க. வேண்டாங்க நங்கையா" என்றேன்.

"சரி, ஒரு ஆட்டம். நான் ஜெயிச்சா நீ என்ர கையப் புடிச்சு உள்ள வர்ற. நீ ஜெயிச்சா எழுநூத்தி நாப்பதும் தள்ளுபடி, நான் காஞ்ச காலோட ஊட்டுக்கு வாரேன்."

என் வாழ்க்கையிலேயே அப்படி எனக்குக் கட்டை விழுந்ததில்லை. முதல் உருட்டிலேயே தாயம். கடைசியில் அவருக்கு ஒரு காய் பாக்கி, எனக்கு ஒரு காய் பாக்கி. எனக்கு ஐந்து வேண்டும். விழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே உருட்டினேன். ஐந்தே விழுந்தது. காய் பழமாகி, ஆட்டம் எனக்கு ஆகிவிட்டது.

நங்கையா சண்டை போடவில்லை. அரைக் கட்டத்துக்கு அரை மணி நேரம் வாதாடுகிறவர், "சரி அம்மிணி, நல்ல ஆட்டம்" என்று சொல்லிவிட்டு இரண்டு கட்டையையும் புடவையில் துடைத்துப் பையில் போட்டு முடிந்தார். பிறகு பிளாஸ்டிக் ஸ்டூலின் காலில் ஒட்டியிருந்த மணலை விரலால் தட்டிவிட ஆரம்பித்தார். நான்கு கால்களையும் தட்டினார்.

அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"நங்கையா" என்றேன். "நான் கள்ளாட்டம் ஆடிப்போட்டனுங்க. நடுவுல ஒருக்கா மூணு விழுந்துச்சு, நாலு கட்டம் வெச்சுட்டேன்."

மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கட்டிலில் படுத்திருந்த அவள் அப்பா காலால் அவள் முதுகை லேசாகத் தள்ளினார். "சட்டம்னா சட்டந்தான்" என்றார் கூரையைப் பார்த்தபடி. "ஆட்டம் செல்லாது. அக்கா ஜெயிச்சுது. கடன் ரெண்டு மடங்கு. எழுதிக்க கண்ணு."

மகள் எழுதிக்கொண்டாள்.

கடற்கரையில் எங்களையும் சுண்டல் அம்மாவையும் தவிர யாரும் இல்லை. "இன்னிக்குத் தொறந்துட்டாங்களாம்மா?" என்று அவர் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து கேட்டார். "இன்னும் இல்லைங்க" என்றேன்.

நங்கையா என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். நான் மகளின் துப்பட்டாவை என் இடுப்பில் கட்டி, அதன் மறுமுனையை மகளிடம் கொடுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று எங்கள் இருவருக்கும் குடை பிடித்தார். கடலுக்குள் நிற்கிறவர்கள் மழையில் நனையக் கூடாது என்று குடை பிடித்த ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கணுக்கால் வந்தது, கெண்டைக்கால் வந்தது. அலை திரும்பும்போது காலுக்கடியில் மணல் உருவிக்கொண்டு போனதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். நங்கையாவின் பிடி ஒரு துளிகூடத் தளரவில்லை. யார் யாரைப் பிடித்திருந்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த அலை அவருடைய முழங்காலைச் சரியாகத் தொட்டது. "அட சாமி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இடது கையைக் கீழே விட்டு, அறுக்கப்போகிற மூட்டுமேல் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டார்.

திரும்பி ஏறும்போது என் காதுப்பக்கம் குனிந்தார்.

"ஏ அம்மிணி. மூணுக்கு மூணுதான் வெச்ச. நான் எண்ணிட்டேதான் இருந்தேன்."

"அப்பறம் ஏனுங்க சும்மா இருந்தீங்க?"

"கள்ளாட்டம்னு நீயாத்தான் சொன்ன. நானா சொன்னேன்?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மழை வந்தால் தையல் மேஜைமேல் கட்டம் போடுகிறோம், நங்கையா நாற்காலியில் உட்கார்ந்து உருட்டுகிறார். நான் ஆடாத கள்ளாட்டத்துக்குப் போட்ட அபராதத்தை எடுத்துவிடும்படி எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். சட்டம் என்கிறார் தம்பி, ஆமாம் என்கிறார் அக்கா, மகள் போனை நீட்டிக் காட்டுகிறாள். அதற்குப் பிறகு நடந்த ஆட்டங்களைச் சேர்க்காமல், கடல் கணக்கில் மட்டும் நான் இன்னும் தர வேண்டியது ஆயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.